பம்ப்-ஆக்‌ஷன் ஷாட்கனுக்குப் பிஸ்டல் கிரிப் ஸ்டாக்: தொந்தரவை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பம்ப்-ஆக்‌ஷன் ஷாட்கனில் (முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) பிஸ்டல் கிரிப் ஸ்டாக்கை, அதாவது கைத்துப்பாக்கியில் உள்ளது போன்ற பிடியுள்ள பின்பகுதியை, வாங்கி மாட்டியவர்கள் சொல்லும் குறைகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில்லை. மணிக்கட்டு வலிக்கிறது, கன்னத்தில் அடிக்கிறது, சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) எட்டவில்லை, ஸ்டாக் ஆடுகிறது என்று அதே சில குறைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பாதிக்குமேல் புதிய ஸ்டாக் வாங்காமலே தீரக்கூடியவை என்பதைப் பல துப்பாக்கிகளில் ஸ்டாக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் நானும் நம்பினேன். ஆகவே கீழே ஒவ்வொரு தொந்தரவையும் தனித் தலைப்பாக வைத்து, செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணத்தில் முடித்திருக்கிறேன். இன்னும் ஸ்டாக் வாங்காதவர்களும் இதே வரிசையில் படிக்கலாம். எந்தத் தொந்தரவு தங்களுக்கு வரக்கூடும் என்று தெரிந்தால் எந்த வகையைத் தவிர்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பம்ப் துப்பாக்கியில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறை, குழலுக்குக் கீழே ஓடும் தோட்டாக் குழாய், இவ்விரண்டுக்கும் இடையில் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தட்டு. பலர் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். கீழே சொல்லப்படும் சோதனைகளில் சுட்டுப் பார்ப்பவை தவிர மற்ற அனைத்தையும் வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டே செய்ய வேண்டும். உண்மையான தோட்டாக்கள் நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இருக்கக்கூடாது.

பிறகு ஓர் அளவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். விசையின் (சுடுவதற்கு விரலால் இழுக்கும் ட்ரிகரின்) நடுவிலிருந்து ஸ்டாக்கின் பின்முனையிலுள்ள ரப்பர் பட்டையின் நடுப்பகுதி வரை உள்ள தூரமே அது. இந்தக் கட்டுரையில் அதை 'விசை நீளம்' என்று குறிப்பிடுகிறேன். பெரியவர்களுக்கான ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்றவற்றின் சாதாரண ஸ்டாக்கில் இது ஏறத்தாழ 14 அங்குலம் இருக்கும். பிஸ்டல் கிரிப் ஸ்டாக்கில் பலருக்கு 12 முதல் 13 அங்குலமே இதமாக அமைகிறது. முழங்கை மடிப்பில் ஸ்டாக்கை வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். கழுத்தின் நீளத்தையும் தோளின் அகலத்தையும் முன்கை சொல்லாது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிய நிலையில் மூக்குக்கும் கட்டைவிரலின் அடிப்பகுதிக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் அகலம் இடம் இருக்கிறதா என்பதே நல்ல அளவுகோல்.

பிஸ்டல் கிரிப் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் வகைகளையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தோளில் முட்டும் பகுதியே இல்லாமல் வெறும் பிடியாக வருவது ஒன்று. இதிலேயே நிமிர்ந்த பிடியும், பறவைத் தலை போலச் சாய்ந்து வளைந்த பிடியும் உண்டு. நீளம் மாறாத முழு ஸ்டாக்கோடு இணைந்த பிடி இன்னொன்று. ஒரு குழாயின்மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்டக்கூடிய ஸ்டாக், மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ மடியும் ஸ்டாக், உள்ளே சுருள்வில் வைத்த ஸ்டாக் ஆகியவை மற்றவை. உங்களுடையது எது என்று தெரியாமல் கீழே போகாதீர்கள், ஏனெனில் ஒரே வலிக்கு வகையைப் பொறுத்து மருந்து மாறுகிறது.

தொந்தரவு: மணிக்கட்டு வலிக்கிறது, அல்லது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவை வலிக்கிறது

வெறும் பிடி மட்டும் உள்ள துப்பாக்கியானால்

முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். 12 கேஜ் துப்பாக்கியில் (கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு, எண் சிறிதானால் விட்டம் பெரிது) 3 அங்குல மேக்னம் தோட்டாவை, அதாவது உதை மிகுந்த தோட்டாவைப் போட்டுவிட்டுப் பிடியைக் குறை சொல்வதில் பொருளில்லை. 2¾ அங்குலத் தோட்டாவில், 28 கிராம் ஈயக் குண்டு கொண்டதாகவோ, பின்னுதைப்பைக் குறைத்துச் செய்யப்பட்டதாகவோ ஒரு பெட்டி வாங்கி ஐந்தாறு முறை சுட்டுப் பார்த்தால் வலியில் எவ்வளவு தோட்டாவால் வந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கைகள் வேலை செய்யும் விதம். தோள் வாங்க வேண்டிய உதையை இங்கே இரு கைகளும்தான் வாங்க வேண்டும். முன்னால் உள்ள கை பம்ப் பிடியை முன்னோக்கித் தள்ள, பின்னால் உள்ள கை பிடியைப் பின்னோக்கி இழுக்க, துப்பாக்கி இரண்டுக்கும் நடுவே விறைப்பாக நிற்க வேண்டும். பின்னால் உள்ள கை மட்டும் தாங்கினால் முழு உதையும் மணிக்கட்டில் இறங்கும். முன்பிடியில் கைவார் உள்ள துப்பாக்கிகளில் அந்த வாரை இறுக்கிக் கொள்வதும் உதவும். கை முன்னோக்கி நழுவிக் குழல் முனைக்குப் போய்விடாமல் தடுப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்விரண்டையும் செய்த பிறகும் வலித்தால் பிடியின் சாய்வே காரணமாக இருக்கலாம். நிமிர்ந்த பிடி உதையை நேராகக் கவையில் குத்துகிறது. பறவைத் தலை வடிவப் பிடி கைக்குள் சற்றே வழுக்கி மேலெழுந்து உதையைப் பரப்பிவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவு குறைவுதான்.

அதற்கும் மேலானால் முழு ஸ்டாக்குக்கு மாறுவதே வழி. என் கருத்தை ஒளிக்காமல் சொல்வதானால், வெறும் பிடியை ஆசைப்பட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் சில பெட்டித் தோட்டாக்களுக்குள் அதைக் கழற்றிவிடுவதையே கண்டிருக்கிறேன். கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்துக் குறிபார்க்க முயன்றால் பிடியின் பின்பகுதி முகத்தில் வந்து மோதும் வாய்ப்பு உண்டு. இடுப்பருகில் வைத்துச் சுட்டாலோ குறி எங்கே போகிறது என்று சொல்ல முடியாது. இடம் மிகக் குறைவு என்ற ஒரே காரணம் தவிர அந்த வகைக்கு வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

முழு ஸ்டாக் இருந்தும் மணிக்கட்டு வலித்தால்

இதற்கு முதற்காரணம் முழங்கை. நேரான வேட்டை ஸ்டாக்கில் பழகியவர்கள் வலது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிச் சுடுவார்கள். அதே பழக்கத்தை நிமிர்ந்த பிடியிலும் தொடர்ந்தால் மணிக்கட்டு வெளிப்பக்கம் முறுகி, ஒவ்வொரு உதையும் முறுகிய மூட்டில் இறங்குகிறது. முழங்கையை விலாவை நோக்கிப் பாதியளவு தாழ்த்திவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். துப்பாக்கியில் எதுவும் மாற்றாமலே பலருக்கு வலி அங்கேயே நின்றுவிடும்.

நிற்கவில்லையென்றால் விசை நீளத்தைப் பார்க்க வேண்டும். நீளம் மிகக் குறைந்தால் கை உடம்புக்கு அருகே மடங்கி மணிக்கட்டு உள்நோக்கி ஒடியும். நகர்த்தும் ஸ்டாக்கில் ஒரு துளை நீட்டிப் பார்க்கலாம். நீளம் மாறாத ஸ்டாக்கில், பரிசோதனைக்காக மட்டும், ரப்பர் பட்டையின்மேல் அரை அங்குல கனத்துக்கு அடர்த்தியான அட்டையை வைத்து நாடா ஒட்டித் தோளில் ஏற்றிப் பார்க்கலாம். இந்த அட்டையோடு சுடக்கூடாது. நீளம் போதவில்லை என்று உறுதியானால் ரப்பர் பட்டைக்கும் ஸ்டாக்குக்கும் இடையே வைக்கும் இடைத்தகடுகளை வாங்கிக் கொள்ளலாம்.

இரண்டு நாட்களுக்கு மேலும் கட்டைவிரல் மரத்துப்போன உணர்வு இருந்தால் பார்க்க வேண்டியவர் துப்பாக்கி மெக்கானிக் அல்லர், மருத்துவர்.

தொந்தரவு: சுட்டவுடன் நடுவிரலில் விசை வளையம் அடிக்கிறது

விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் பின்பகுதி நடுவிரலின் மேல்கணுவில் மோதுவதால் வரும் வலி இது. ஒரு மாலைக்குள் தோல் சிவந்து வீங்கிவிடும். துப்பாக்கியைச் சுடும் நிலையில் பிடித்து, வளையத்தின் பின்பகுதிக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு பென்சிலை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் கை மிக மேலே இருக்கிறது. பிடியில் கையைச் சற்றுக் கீழிறக்கி, ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையில் படுமாறு பிடித்தால் பலருக்குச் சரியாகிவிடும்.

கையைக் கீழிறக்க விரல் பள்ளங்கள் விடவில்லையென்றால் பிடி உங்கள் கைக்கு ஏற்றதல்ல. விரல் பள்ளம் வெட்டிய பிடிகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அவை ஒரே ஓர் அளவுக் கைக்கு மட்டுமே பொருந்துகின்றன, அந்தக் கை பெரும்பாலும் நம்முடையதாக இருப்பதில்லை. இதற்கிடையில் ஸ்டாக்கை ரிசீவரோடு (விசையும் பூட்டும் அமைந்த நடு உடல்) பிணைக்கும் ஸ்டாக் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரிசீவருக்கும் பிடிக்கும் இடையில் மயிரிழை அளவு ஆட்டம் இருந்தால்கூட உதையின்போது வளையம் பின்னோக்கி வந்து விரலில் மோதும்.

தொந்தரவு: கன்னத்தில் அறைகிறது, அல்லது கட்டைவிரல் மூக்கில் மோதுகிறது

இரண்டும் ஒரே தலைப்பில் இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் இரண்டுமே விசை நீளக் கோளாறிலிருந்து வருகின்றன என்பதே. ஆனால் சோதனைகள் வேறு.

மூக்கில் மோதினால்

கட்டைவிரலைப் பிடியின் மறுபக்கம் சுற்றி வளைக்காமல், விசையை இழுக்கும் விரல் இருக்கும் பக்கத்திலேயே நீட்டி வைத்துப் பாருங்கள். பிஸ்டல் கிரிப்பில் கை கீழே இருப்பதால் இது நேரான ஸ்டாக்கைவிட எளிதாக வரும். அதற்குப் பிறகும் மோதினால் நீளம் குறைவு. ஒரு துளை நீட்டுங்கள், அல்லது இடைத்தகடு சேருங்கள். குறுகிய ஸ்டாக் நல்லது என்ற அறிவுரையைக் கேட்டு மிகையாகக் குறைத்துக்கொண்டவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

கன்னத்தில் அறைந்தால்

அடி எங்கே விழுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கோடு சாக்கட்டியை ஸ்டாக்கின் மேல்விளிம்பில், அதாவது கன்னம் பதியும் மேட்டில் தீட்டிவிட்டு இரண்டு முறை சுட்டுவிட்டுக் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். தாடையின் சதைப்பகுதியில் தடம் பதிந்திருந்தால் நீங்கள் தலையை ஸ்டாக்கில் அழுத்தாமல் மேலே தொங்கவிட்டிருக்கிறீர்கள். உதையின்போது ஸ்டாக் மேலெழுந்து இடைவெளியைக் கடந்து வந்து அடிக்கிறது. கன்னத்தை முன்கூட்டியே அழுத்தி வைத்தால் அறை தள்ளலாக மாறிவிடும். கன்ன எலும்பின்மேல் தடம் பதிந்திருந்தால் மேடு உங்கள் முகத்துக்கு உயரம், அல்லது கடினம்.

கடினம் என்பதை அலட்சியமாக எண்ண வேண்டாம். மேல்நோக்கி மடியும் எஃகு ஸ்டாக் ஒன்றை ஒருமுறை ஆர்வத்தில் வாங்கிப் பொருத்தி, ஒரே பெட்டித் தோட்டாவில் கன்ன எலும்பின்மேல் நீளமான நீலத் தழும்போடு வீடு திரும்பியவன் நான். எஃகுத் தண்டில் கன்னம் வைக்கும் இடமே இல்லாமல் இருந்தது. நகர்த்தும் ஸ்டாக்குகளில் குழாயும் ஸ்டாக்கும் சேரும் இடத்தில் ஒரு படி இருக்கும். மிக நீட்டி வைத்தால் கன்னம் அந்தப் படியின்மேல் விழும். அவ்வாறானால் ஒரு துளை உள்ளே தள்ளுவதே மருந்து. பின்புறம் பிசின் தடவிய மென்மையான துணிப்பட்டையை அந்த இடத்தில் ஒட்டுவது அடுத்த கட்டம். கன்னமேட்டின் உயரத்தை மாற்றக்கூடிய ஸ்டாக் அதற்கும் அடுத்தது, செலவு கூடும்.

சுருள்வில் வைத்த ஸ்டாக் தோளைக் காக்கிறது. ஆனால் உதையின்போது துப்பாக்கியின் முன்பாதி முகத்தை நோக்கி நகர்வதால், கன்னம் பதியும் பகுதி எந்தப் பாதியோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கன்னத்தில் உராய்வு மிகலாம். வாங்கும் முன் பின்முனையைச் சுவரில் முட்டி அழுத்தி, எந்தப் பகுதி நகர்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

தொந்தரவு: குறிமணி தெரியவில்லை, அல்லது குறி மேலே கீழே போகிறது

வெறுமையான துப்பாக்கியைப் பிடித்துக் கண்களை மூடிக்கொண்டு, வசதியாகப்படும் விதத்தில் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்துவிட்டுக் கண்களைத் திறங்கள். அப்போது தெரிவதுதான் அந்த ஸ்டாக் உங்களுக்குக் காட்டும் உண்மை. கண் திறந்த பிறகு தலையைத் திருத்திக்கொள்ளக் கூடாது. ஐந்து முறை செய்தால் ஐந்திலும் ஒரே காட்சி வர வேண்டும்.

ரிசீவரின் பின்புறம் மட்டும் தெரிந்து, குழல் முனையிலுள்ள மணி மறைந்திருந்தால் கன்னமேடு தாழ்வாக இருக்கிறது. மாறாக, குழலின் மேற்பரப்பு முழுவதும் சரிவாக, மலைப்பாதை போலத் தெரிந்தால் கண் உயரத்தில் இருக்கிறது. குண்டுகள் குறிக்கு மேலே போகும். குழாய்மேல் நகரும் ஸ்டாக்குகள் பல குழலோடு ஏறத்தாழ நேர்கோட்டில் அமைவதால் இந்த இரண்டாவது நிலையே அதில் மிகுதி. வேட்டைக்கான சாதாரண ஸ்டாக்கில் கன்னமேடு குழல் கோட்டுக்கு ஏறத்தாழ 1½ அங்குலம் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வு இல்லாதபோது வெறும் மணி மட்டும் உள்ள துப்பாக்கியில் குறிபார்ப்பது கழுத்து வலியில் முடியும்.

தாழ்வாக இருந்தால் துணிப்பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் சரியான உயரம் வரும்வரை ஏற்றலாம். இது செலவில்லாத வேலை. உயரமாக இருந்தால் ஸ்டாக்கைக் குறைக்க இயலாது, ஆகவே குறிகாட்டியைத்தான் உயர்த்த வேண்டும்: ரிசீவரின்மேல் பொருத்தும் வளையக் குறிகாட்டி அல்லது சிவப்புப் புள்ளிக் கருவி. ரிசீவரில் துளையிட்டுத் திருகு மரை வெட்ட வேண்டியிருந்தால் அதை நீங்களே செய்யாதீர்கள். சில துப்பாக்கிகளில் துளைகள் தொழிற்சாலையிலேயே போடப்பட்டிருக்கும். இல்லாதவற்றுக்குத் துப்பாக்கி மெக்கானிக்கை அணுகுவதே முறை.

தொந்தரவு: தோளில் ஏற்றும்போது அக்குளில் மாட்டுகிறது

நீளம் மிகுதி. தடித்த மேலாடையோ காப்புச் சட்டையோ அணிபவர்கள் அந்த உடையோடுதான் அளவு பார்க்க வேண்டும். ரப்பர் பட்டையின் மேல்முனை ஒட்டும் தன்மையுடையதாக இருந்தால் அந்த முனையில் மட்டும் வழவழப்பான நாடாவை ஒட்டிப் பார்க்கலாம்.

தொந்தரவு: சேஃப்டிக்கு விரல் எட்டவில்லை

இதை ஸ்டாக்கின் குறையாகச் சொல்வார்கள்; துப்பாக்கிக்கும் ஸ்டாக்குக்கும் ஏற்படாத பொருத்தம் என்பதே சரி. உங்கள் துப்பாக்கியில் சேஃப்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இது இரண்டாகப் பிரியும்.

சேஃப்டி ரிசீவரின் மேற்புறம், பின்முனையில் இருந்தால்

மாஸ்பெர்க் 500, 590 ஆகியவற்றின் அமைப்பு இது. நேரான ஸ்டாக்கில் கட்டைவிரல் இயல்பாகவே அதன்மேல் வந்து படுவதால், வலக்கை, இடக்கை இருவருக்கும் வசதியான அமைப்பாக இது பெயர் பெற்றது. பிஸ்டல் கிரிப்பை மாட்டியதும் அந்த வசதி போய்விடுகிறது: கை கீழே இறங்கிவிட, கட்டைவிரல் பிடியை விட்டு மேலேறிச் சேஃப்டியைத் தள்ளிவிட்டு மறுபடி இறங்க வேண்டியிருக்கிறது. போலித் தோட்டாவோடு பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிடியைத் தளர்த்தாமல் ஒருமுறைகூடச் செய்ய முடியவில்லையென்றால் பழக்கத்தால் இது தீராது.

எளிய மாற்றம், சற்றுப் பெரிய, உயரமான சேஃப்டிப் பொத்தானைப் பொருத்துவது. ஆனால் அந்தப் பொத்தானுக்கு அடியில் சிறு குண்டும் வில்லும் இருக்கும். கழற்றும்போது அவை தெறித்தோடி அறையின் மூலையைத் தேடிப் போய்விடும். நம்பிக்கை இல்லாதவர்கள் மெக்கானிக்கிடமே விடலாம். பொத்தானை மாற்றிய பிறகு, வெறுமையான துப்பாக்கியில், சேஃப்டி பூட்டிய நிலையில் விசை விடுபடாமல் நிற்கிறதா என்று பலமுறை சோதிக்காமல் அதில் தோட்டா போடக்கூடாது. ஒருமுறை விடுபட்டாலும் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

இன்னொரு வழி, நிமிர்ந்த பிடிக்குப் பதிலாக நேரான ஸ்டாக்குக்கும் பிஸ்டல் கிரிப்புக்கும் நடுவாகச் சரிந்த பிடியுள்ள ஸ்டாக்கைத் தேர்வது. மேற்புறச் சேஃப்டி உள்ள துப்பாக்கிக்கு என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சேஃப்டி விசை வளையத்தில் குறுக்காக இருந்தால்

ரெமிங்டன் 870, மாவரிக் 88 ஆகியவற்றில் இப்படி இருக்கிறது. 870-இல் பொத்தான் விசைக்குப் பின்னால் இருப்பதால் ஆள்காட்டி விரலாலேயே தள்ளலாம். பிஸ்டல் கிரிப் வந்தாலும் பெரிய மாற்றமில்லை. எட்டவில்லையென்றால் பிடி விசையிலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது, அல்லது மிகப் பருமனாக இருக்கிறது; ரப்பர் உறை போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள். இடக்கைக்காரர்களுக்குத் திசை மாற்றிய பொத்தான் கிடைக்கிறது. மாவரிக் 88 மாஸ்பெர்க் 500-இன் குடும்பத்தைச் சேர்ந்தது, 500-க்கான பின்ஸ்டாக் அதற்கும் பொருந்தும். ஆகவே நிமிர்ந்த பிடிதான் வேண்டும் என்பவர்களுக்கு விலை குறைந்த அந்தத் துப்பாக்கியே விலை கூடியதைவிட வசதியாக அமைந்துவிடுகிறது.

பம்ப்பைத் திறக்கும் நெம்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 870-இல் அது விசை வளையத்தின் முன்புறமும், மாஸ்பெர்க்கில் பின்புறமும் இருக்கிறது. புதிய பிடியில் எந்த விரல் அதை அழுத்தப்போகிறது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

தொந்தரவு: புதிய ஸ்டாக்குக்குப் பிறகு பம்ப் முழுதாக ஓடவில்லை, வெற்றுத் தோட்டா சிக்குகிறது

எல்லாவற்றுக்கும் முன் பழைய ஸ்டாக்கைத் திரும்ப மாட்டி, போலித் தோட்டாக்களை ஓட்டிப் பாருங்கள். அதிலும் சிக்கினால் குறை ஸ்டாக்கில் இல்லை. தோட்டா அறை அழுக்கு, தோட்டாவைப் பற்றி இழுக்கும் கொக்கி, தோட்டாக் குழாயின் தடுப்பு என்று வேறு திசையில் தேட வேண்டும். அறையைத் துடைத்துப் பார்த்தும் தீராவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பழையதில் ஓடி, புதியதில் சிக்கினால் அடுத்த கேள்வி: துப்பாக்கி மேசைமேல் இருக்கும்போது ஓடுகிறதா, தோளில் இருக்கும்போது மட்டும் சிக்குகிறதா?

தோளில் மட்டும் சிக்கினால் விசை நீளம் மிகுதி. முன்னால் உள்ள கை முழுதாக நீண்ட நிலையில் பம்ப்பை இறுதிவரை முன்னே தள்ள வலுவிருக்காது. தோட்டா அறையை மூடும் பூட்டு முழுதாக மூடாததால் விசையை அழுத்தினாலும் வெடிக்காது. பின்னோக்கி இழுப்பது குறைந்தாலோ வெற்றுத் தோட்டா வெளியே விழாது, அல்லது அடுத்தது மேலேறாது. ஒரு அங்குலம் குறைத்துப் பாருங்கள்.

மேசைமேலும் சிக்கினால் ஸ்டாக் போல்ட்டைச் சந்தேகியுங்கள். போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்திய பின் பம்ப் தடையில்லாமல் முழுதாகப் பின்னே வந்தால், போல்ட் நீளம் மிகுந்து ரிசீவருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் பழைய ஸ்டாக்கின் போல்ட்டைப் புதியதில் போட்டிருப்பார்கள், அல்லது வாஷரை விட்டிருப்பார்கள். புதிய ஸ்டாக்கோடு வந்த போல்ட்டையும் வாஷரையுமே பயன்படுத்த வேண்டும். தளர்ந்த நிலையிலேயே சுட்டுக்கொண்டிருப்பது தீர்வல்ல.

தொந்தரவு: ஸ்டாக் ஆடுகிறது

ஒரு கையால் ரிசீவரையும் மறுகையால் பிடியையும் பற்றி முறுக்குங்கள். ஆட்டம் எந்தச் சந்திப்பில் என்பதைக் காது சொல்லிவிடும்.

ரிசீவரும் ஸ்டாக்கும் சேரும் இடத்தில் ஆடினால்

போல்ட் ஸ்டாக்கின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதை அடைய ரப்பர் பட்டையைக் கழற்ற வேண்டும். பட்டையில் திருகாணி எதுவும் வெளியே தெரியாது. பின்புறம் இரண்டு சிறு பிளவுகள் மட்டும் மேலும் கீழும் இருக்கும். கூட்டல் குறி முனையுள்ள ஸ்க்ரூடிரைவரின் தண்டில் சிறிது சோப்புநீர் தடவிப் பிளவுக்குள் மெதுவாக அழுத்தித் திருகாணியின் தலையைத் தேடுங்கள். உலர்ந்த தண்டைச் சுழற்றினால் ரப்பர் கிழிந்து வெளியே சிதறும். அந்தப் பட்டை பிறகு அழகாக இருக்காது. பட்டை வந்ததும் உள்ளே நீண்ட துளையின் அடியில் போல்ட்டின் தலை தெரியும். சிலவற்றில் ஒரு முழம் நீளமுள்ள தட்டைமுனை ஸ்க்ரூடிரைவரும், சிலவற்றில் நீட்டிப்புத் தண்டோடு கூடிய சாக்கெட்டும், சில புதிய ஸ்டாக்குகளில் ஆலன் சாவியும் தேவைப்படும். முதலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

உறுதியாக நிற்கும்வரை கையால் இறுக்குங்கள். மீண்டும் மீண்டும் தளர்கிறதென்றால் மரைகளில் உள்ள எண்ணெயைத் துடைத்தெடுத்து, நடுத்தர வலுவுள்ள நீலநிற மரைப்பசையை ஒரு துளி விட்டு இறுக்கலாம். நிரந்தரமாகப் பிடிக்கும் சிவப்புப் பசையைத் தொட வேண்டாம். மர ஸ்டாக்காக இருந்தால் அளவுக்கு மீறி இறுக்குவதே விரிசலுக்கு வழி. மரம் பருவத்துக்கேற்பச் சுருங்கி விரியும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பிடியின் கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றோடு சுடுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பசையூற்றி மறைத்த விரிசல் அடுத்த உதையில் கைக்குள்ளேயே பிளக்கலாம்.

குழாயும் ஸ்டாக்கும் சேரும் இடத்தில் ஆடினால்

நகர்த்தும் ஸ்டாக்கில் சிறு ஆட்டம் இயல்பு. குழாயின் வெளிப்பக்கத்தில் ஒரு துண்டு மின்நாடாவை ஒட்டினால் கடகடப்பு அடங்கும். ஆனால் சுடும்போது ஸ்டாக் தானாக ஒரு துளை உள்ளே போகிறதென்றால் அது ஆட்டமல்ல, பழுது. பூட்டும் ஊசி வளைந்திருக்கும், அல்லது குழாயின் துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். ரைஃபிளுக்கென்று செய்த இலேசான பிளாஸ்டிக் ஸ்டாக்கை 12 கேஜ் துப்பாக்கியில் மாட்டியவர்களுக்கு இது வருவதைக் கண்டிருக்கிறேன். சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுவதே மலிவு.

குழாயின் அடியில் உள்ள வளைய நட் தளர்ந்திருந்தால் அதற்கென்றே உள்ள பல்வைத்த ஸ்பேனரால் இறுக்க வேண்டும். சுத்தியலும் உளியும் கொண்டு தட்டி இறுக்கியவற்றைப் பிறகு யாராலும் ஒழுங்காகக் கழற்ற முடிவதில்லை.

தொந்தரவு: ரிசீவரில் பொருந்தவே இல்லை, அல்லது இடைவெளி தெரிகிறது

பெட்டியின்மேல் எழுதியிருப்பதை மறுபடி படியுங்கள். 870-இல் 20 கேஜ் துப்பாக்கிகளுக்கு ரிசீவர் சிறியது. 12 கேஜுக்கான ஸ்டாக் அதில் உட்காராது. மாஸ்பெர்க் 500-இலோ 12 கேஜுக்கும் 20 கேஜுக்கும் ஒரே ஸ்டாக் பொருந்தும். அளவு சரியாக இருந்தும் நூலிழை இடைவெளி தெரிந்தால் பிளாஸ்டிக் வார்ப்பின் ஓரப் பிசிறு முட்டிக்கொண்டிருக்கலாம். கத்தி முனையால் அதைச் சீவிவிடலாம். ராவ வேண்டியது எப்போதும் ஸ்டாக்கைத்தான். ரிசீவரில் அரத்தை வைக்க நேர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைப் பாருங்கள்.

மடியும் ஸ்டாக் மடித்த நிலையில் வெற்றுத் தோட்டா வெளியேறும் வாயை மறைக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். மறைத்தால் மடித்துச் சுட இயலாது; அதை அறிந்தே வாங்க வேண்டும்.

தொந்தரவு: பொருத்திய பிறகு துப்பாக்கியின் மொத்த நீளம் குறைந்துவிட்டது

இதை ஒரு தொந்தரவாகவே யாரும் எண்ணுவதில்லை, சட்டம் எண்ணுகிறது. ஸ்டாக்கை மாற்றும்போது துப்பாக்கியின் நீளமும், சில இடங்களில் அதன் வகையும் மாறிவிடும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஷாட்கனின் குழல் 18 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. குறைந்தால் 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு தேவைப்படும். பூட்டு மூடிய, தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழலுக்குள் ஒரு மெல்லிய மரக்குச்சியை அடிவரை விட்டு, குழல் முனையில் குறித்து வெளியே எடுத்து அளந்தால் குழல் நீளம் கிடைக்கும். மொத்த நீளத்தைக் குழலுக்கு இணையான கோட்டில் அளக்க வேண்டும். பிடியின் வளைவைச் சுற்றி அளந்தால் கணக்குத் தவறும்.

தலைகீழான பொறி ஒன்றும் இருக்கிறது. 2017-இல் வந்த மாஸ்பெர்க் 590 ஷாக்வேவ், 14 அங்குலத்தைச் சற்றே தாண்டிய குழலும் பறவைத் தலைப் பிடியும் கொண்டது. தொழிற்சாலையிலிருந்து தோள் ஸ்டாக் இல்லாமலே வருவதாலும், மொத்த நீளம் 26 அங்குலத்தைத் தாண்டுவதாலும் அது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஷாட்கன் என்ற வரையறைக்குள் வருவதில்லை. மணிக்கட்டு வலிக்கிறது என்று அதில் ஒரு முழு ஸ்டாக்கை மாட்டிவிட்டால், அந்த நொடியே அது குறுங்குழல் ஷாட்கனாகிவிடுகிறது. முன்கூட்டியே அனுமதி பெறாமல் செய்தால் குற்றம். மேலே மணிக்கட்டு வலிக்கு முழு ஸ்டாக்கைச் சொன்னபோது நான் கருதியது 18 அங்குலமோ அதற்கு மேலோ குழலுள்ள துப்பாக்கிகளை மட்டுமே. மாநிலச் சட்டங்களும் பிற நாடுகளின் உரிம விதிகளும் இன்னும் கடுமையாக இருக்கலாம் என்பதால், பிஸ்டல் கிரிப், மடியும் ஸ்டாக் ஆகிய சொற்கள் உங்கள் ஊர் விதியில் இடம்பெறுகின்றனவா என்று உரிமம் வழங்கும் அலுவலகத்திடமோ வழக்கறிஞரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை புதிய ஸ்டாக்கின் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருங்கள். பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதும் எளிது.